புதுப்பிப்பு: சேலத்தில் டாட்டூ கடை திறந்தாயிற்று

ஐந்து ரோடு பக்கம் டாட்டூ கடை என்றாலே இடம் தர மறுக்கிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி. அஸ்தம்பட்டி அருகே ஒரு மாடியில் இடம் கிடைத்து, கடை நடக்கிறது.

வாடகையைவிடப் பெரிய பாடு சுத்தம்தான். ஒருவருக்குக் குத்திய ஊசியும் மிச்ச மையும் அவரோடு முடிந்துவிட வேண்டும். ஊசியைப் பொருத்தும் எஃகுப் பிடிகளைத் தேய்த்துக் கழுவிய பிறகே, ஆட்டோகிளேவ் என்னும் கிருமி நீக்கும் அழுத்தக் கலனில் 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் வைக்கிறேன். வெந்நீரில் போட்டால் போதாதா என்கிறார்கள். போதவே போதாது! ரத்தம் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே 7 நாட்கள்கூடத் தொற்றும் திறனோடு இருக்கும். பழைய ஊசிகளைக் குப்பையில் எறிந்தால் தூய்மைப் பணியாளரின் கையில் ஏறும். துளைக்க முடியாத டப்பாவில் சேர்த்து, மருத்துவக் கழிவு வண்டியில் ஒப்படைக்க ஏற்பாடு செய்தேன். அதற்குத்தான் அதிக அலைச்சல்.

ராணுவத்தில் சேர நினைக்கும் தம்பிகள் கழுத்திலும் தோளிலும் குத்தச் சொல்கிறார்கள். முன்கையின் உட்புறமும் புறங்கையும் தவிர மற்ற இடங்களில் நிரந்தரப் பச்சைக்கு அங்கே பொதுவாக அனுமதி இல்லை. சொல்லித் திருப்பி அனுப்புகிறேன். வருமானம் போனால் போகட்டும். 18 வயது நிரம்பாதவர்களுக்கும், பெற்றோரே அழைத்து வந்தாலும், குத்துவதில்லை.

வங்கிக் கடன் இன்னும் இழுபறிதான்.