மெக்ரிச்சி காட்டுக்கு எந்த லென்ஸ்?

யீஷூன்வாசி: போன ஞாயிறு சிங்கப்பூர் மெக்ரிச்சி காட்டிலும் அதன் தொங்கு பாலத்திலும் நாற்பது படம் எடுத்தேன். முதல் பத்தும் பால் ஊற்றியதுபோல் வெள்ளையாக இருக்கின்றன. மீதியில் குரங்கின் முதுகுதான் தெரிகிறது. என்னிடம் 18-55 மி.மீ. லென்ஸ் மட்டும்தான். புது லென்ஸ் வாங்க வேண்டுமா?

காலைநடை: வெள்ளைக்குக் காரணம் லென்ஸ் இல்லை, ஏசி. குளிர்ந்த கண்ணாடியை வெளியே எடுத்ததும் நம் ஊர் ஈரக்காற்று அதில் படிந்துவிடும். கேமராவைப் பையிலேயே மூடி வைத்து அரைமணி நேரம் நடங்கள், அப்புறம் திறங்கள். துணியால் துடைத்தால் மீண்டும் படியும். நான் துடைத்துத் துடைத்தே ஒரு காலையைத் தொலைத்தவன்.

மீன்கொத்தி: பாலம் 250 மீட்டர், ஒருவழிப் பாதை. பின்னால் ஆள் வந்துகொண்டே இருப்பார்கள், ஆடவும் செய்யும். முக்காலி வேண்டாம், ஷட்டர் வேகத்தை 1/250 நொடி அல்லது அதைவிட வேகமாக வையுங்கள். திங்களன்று மூடியிருக்கும். குரங்கு முன்னால் பிளாஸ்டிக் பையை மட்டும் எடுக்காதீர்கள்!

யீஷூன்வாசி: அடடா, முதல் பத்தை ஏசி காரிலிருந்து இறங்கியதும்தான் எடுத்தேன். குரங்கின் முகம்?

காலைநடை: உட்கார்ந்து காத்திருங்கள். தானாகத் திரும்பும். 18-55 போதும்.