கலைச்சொல் விவாதம்: ‘ஸ்பின்னிங் ரீல்’ என்பதில் சுழல்வது எது?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

தூண்டில் மீன்பிடிப்புக்கான ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் குழுவின் பட்டியலில் ‘ஸ்பின்னிங் ரீல்’ என்பதற்கு நேரே ‘சுழல்ராட்டை’ என்று போன வருடம் நான்தான் எழுதி வைத்தேன். ரீல் என்பது தூண்டிற்கோலில் நரம்பை, அதாவது தூண்டில் கயிற்றை, சுற்றி வைக்கும் கருவி. அந்தச் சொல்லை இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அது தவறான சொல். அதனால் ஒருவன் தவறான பொருளை வாங்கியும் விட்டான்.

டல்லாஸ் பக்கம் இருக்கும் என் அக்கா மகனுக்கு பாஸ் மீன் பிடிக்கக் கற்றுக்கொள்ள ஆசை. பட்டியலை நான் தொடங்கியதே அவனுக்காகத்தான். பழைய சாமான் விற்ற ஒரு வீட்டில் பெட்டி, பெயர்ச்சீட்டு எதுவும் இல்லாமல் இரண்டு ரீல்கள் இருந்திருக்கின்றன. ஒன்றில் நரம்பு சுற்றிய உருளையைக் கட்டைவிரலால் தள்ளினால் கிறுகிறுவென்று சுழன்றது. மற்றதில் தள்ளினாலும் சுழலவில்லை. “சுழல்ராட்டைதான் புதுசா பழகுறவங்களுக்கு நல்லதுன்னு எழுதியிருந்தீங்களே மாமா, அதான் சுழல்றதை எடுத்துட்டேன்” என்றான். அவன் எடுத்தது பெயிட்காஸ்டர் என்ற வேறு வகை ரீல். இரண்டு சனிக்கிழமை ஏரிக்கரையில் உட்கார்ந்து மீன் பிடிக்காமல் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பிள்ளை என் சொல்லை நம்பியதுதான் எனக்கு உறுத்துகிறது.

வேடிக்கை என்னவென்றால், ஸ்பின்னிங் ரீலில் எறியும்போது எதுவுமே சுழல்வதில்லை. நரம்பு சுற்றிய பகுதி அப்படியே நிற்கிறது. நரம்பு அதன் முன்விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாக நழுவிப் போகிறது. பிறகு கைப்பிடியைச் சுற்றும்போது ஒரு வளைகம்பி அந்தப் பகுதியைச் சுற்றி வந்து நரம்பை மீண்டும் சுற்றி வைக்கிறது. பெயிட்காஸ்டரில் இதற்கு நேர்மாறு. எறிந்த இரை பறந்துபோய் நரம்பை இழுக்க, நரம்பு உருளையையே சுழற்றுகிறது. இரை காற்றில் தயங்கினாலோ தண்ணீரில் விழுந்து நின்றாலோ உருளைக்கு அது தெரியாது, அது சுழன்றுகொண்டே இருக்கும். வெளியே போக வழியில்லாத நரம்பு உள்ளேயே பொங்கிச் சிக்கலாகிவிடும். கட்டைவிரலைச் சரியான நேரத்தில் வைத்து உருளையை அடக்கப் பழகியவர்களுக்கு அது அருமையான கருவி. பழகாதவர்களுக்கு அது சிக்கு மட்டுமே.

ஆகவே ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழாக்கினால் நிற்பதைச் சுழல்வது என்று சொன்னதாகிவிடும்.

இனி என் பரிந்துரை. எங்கள் ஊர் குடியாத்தம். தெருவுக்குத் தெரு தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். என் அம்மா ராட்டையில் தார் சுற்றியவர். தார் என்றால் தெரியாதவர்களுக்காக: தறியில் குறுக்கே ஓடும் ஊடைநூலைச் சிறு குழலில் சுற்றி, அதை இங்கும் அங்கும் கொண்டுபோகும் நாடாவுக்குள் செருகுவார்களே, அதுதான் தார். நாடா பாவுநூல்களுக்கு நடுவில் பாயும்போது தார் சுழல்வதில்லை. நாடாவுக்குள் இருக்கும் முள்ளில் இறுகி உட்கார்ந்திருக்கும், நூல் மட்டும் அதன் நுனி வழியாக நழுவி நழுவி வெளியே வரும். ஸ்பின்னிங் ரீல் செய்வது அச்சு அசலாக இதைத்தான்.

பெயிட்காஸ்டரும் எங்கள் வீட்டிலேயே இருந்தது. தார் சுற்றுவதற்கு முன் சிட்டத்தை, அதாவது வளையமாகச் சுற்றிய நூல்கட்டை, ஒரு பெரிய சக்கரத்தில் மாட்டுவார்கள். நூலை இழுக்க இழுக்கச் சக்கரம் சுழன்று நூலை விடும். இழுப்பதைச் சட்டென்று நிறுத்தினால் சக்கரம் நிற்காமல் ஓடி, நூல் தொங்கிச் சிக்கிக்கொள்ளும். அம்மா இடது கையால் சக்கரத்தை லேசாகத் தொட்டு நிறுத்துவார். என் அக்கா மகனுக்கு இன்னும் கைவராத கட்டைவிரல் வித்தை அதுவேதான்.

இந்த ஒப்புமை நானாக இழுத்துப் பொருத்தியதும் அல்ல. நிற்கும் உருளை வைத்த ரீலுக்கு 1905இல் காப்புரிமை பெற்ற ஹோல்டன் இல்லிங்வொர்த் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த நெசவாலைக்காரர். பிராட்ஃபோர்டு கம்பளி நெசவுக்குப் பேர்போன ஊர். அமெரிக்காவில் பெயிட்காஸ்டர் வகையை முதலில் செய்தவராகச் சொல்லப்படும் கென்டக்கியின் ஜார்ஜ் ஸ்னைடரோ கடிகாரம் செய்பவர். நெசவுத்தொழில் பெற்ற பிள்ளைக்கு நெசவுச்சொல்லையே பெயராக வைக்கலாம் என்பது என் எண்ணம்.

முதலில் ‘நிலைத்தார் ராட்டை’ என்று எழுதினேன். அம்மாவிடம் படித்துக் காட்டியபோது “யாருப்பா நிலைச்சார்?” என்று கேட்டார். அவர் கேட்டது சரி, அது வினைமுற்றாகவும் படிக்கக் கிடக்கிறது. அதனால் சொல்லைத் திருப்பிப் போட்டேன்: தார்நிலை ராட்டை, தார்சுழல் ராட்டை. தார் நிற்பது, தார் சுழல்வது. கடையில் கையில் எடுத்துப் பார்க்கிறவருக்கு இந்தப் பெயரே சோதனையாகவும் ஆகிவிடும்.

இதுவரை குழுவில் வந்த கருத்துகளுக்கு என் பதில்:

> தார் என்றால் ரோட்டுக்குப் போடும் தாரும் வாழைத்தாரும்தான் நினைவுக்கு வரும். உருளை என்றே வைத்தால் என்ன?

அம்மையாரே, உருளை என்பதற்குள்ளேயே உருள்வது இருக்கிறதே. நிற்பதை ‘நிலையுருளை’ என்றால் சொல்லுக்குள்ளேயே சண்டை வரும். ராட்டை பக்கத்தில் நிற்கும்போது தார் வாழைக்கும் ரோட்டுக்கும் போகாது என்று நம்புகிறேன்.

> மீன் வேகமாக இழுத்தால் ஸ்பின்னிங் ரீலிலும் உருளை சுழன்று நரம்பை விடுகிறதே. அப்போது உங்கள் பெயர் பொய்யாகாதா?

நல்ல கேள்வி ஐயா, இதைத்தான் நானும் வெகுநேரம் யோசித்தேன். எறியும்போது தார் என்ன செய்கிறது என்பதே இரண்டு வகையையும் பிரிக்கிறது, வரையறையில் அதைச் சேர்த்துவிடுகிறேன். நீங்கள் சொல்லும் சுழற்சி ‘டிராக்’ என்ற திருகின் வேலை. அதற்கு ‘இழுவை’ என்று நாம் ஒப்புக்கொண்டிருந்தோம். அதையும் மாற்றலாம் என்பது என் கோரிக்கை. அந்தத் திருகு எதையும் இழுப்பதில்லை. மீன் திமிறும்போது நரம்பு அறுந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறது, மீன் தளர்ந்தால் பிடித்துக்கொள்கிறது. தமிழில் இதற்கு விட்டுப் பிடிப்பது என்று பெயர். ‘விட்டுப்பிடி’ என்றே வைப்போம். “விட்டுப்பிடியை நரம்பின் அறுபலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் வை” என்றால் புதியவருக்கும் புரியும். 10 பவுண்டு வரை தாங்கும் நரம்பு என்றால் சுமார் ஒன்றேகால் கிலோ. தராசுக் கொக்கியில் நரம்பைக் கட்டி இழுத்துப் பார்த்து வைக்கலாம். ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும்: தார்நிலை ராட்டையில் மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது கைப்பிடியைச் சுற்றக் கூடாது. மீன் வருவதில்லை, நரம்புதான் முறுக்கேறும்.

> பாஸ் என்பதற்குக் கொடுவா இருக்கும்போது ஏன் ஆங்கிலம்?

கொடுவா கடலிலும் முகத்துவாரத்திலும் வாழ்கிற மீன். அதற்கு ஆங்கிலத்தில் ‘ஆசிய சீ பாஸ்’ என்று ஒரு பெயர் இருப்பதால் வந்த குழப்பம் இது. அக்கா மகன் பிடிக்கப் பார்ப்பது வட அமெரிக்காவின் நன்னீர் மீன், குடும்பமே வேறு. ‘பெருவாய் பாஸ்’ என்று விடுவது நேர்மையானது. குணத்தில் அதற்கு நெருங்கிய நம்மூர் மீனைக் காட்ட வேண்டுமென்றால் விராலைக் காட்டலாம். இரண்டும் பாசிக்கும் கோரைக்கும் நடுவில் பதுங்கியிருந்து பாய்பவை. இரண்டும் குஞ்சு காப்பவை. விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கும், பாஸுக்கு அந்தப் பழக்கம் இல்லை. உறவுமுறை சொல்லிவிட வேண்டாம், உவமை போதும்.

தூண்டிற்கோலின் ‘ஆக்‌ஷன்’ என்பதைச் ‘செயல்’ என்றும் ‘ஃபாஸ்ட் ஆக்‌ஷன்’ என்பதை ‘விரைசெயல்’ என்றும் ஒரு நண்பர் போட்டிருந்தார். அங்கே வேகம் எதுவும் இல்லை. கோல் எந்த இடத்தில் வளைகிறது என்பதுதான் செய்தி. நுனியில் மட்டும் வளைந்தால் அது ஃபாஸ்ட், பாதி வரை வளைந்தால் மாடரேட், பிடி வரை வளைந்தால் ஸ்லோ. கரும்பில் அடி, நடு, நுனி பார்க்கிற நமக்கு நுனிவளைவு, நடுவளைவு, அடிவளைவு என்றால் போதுமே. வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது வேறு செய்தி. அதை ‘விறைப்பு’ என்று தனியாக வைப்போம். இரண்டையும் குழப்பினால் கோல் வாங்கும்போது ஏமாந்துபோவோம். ஒற்றைத் தூண்டில்முள் வைத்த ரப்பர்ப்புழுவுக்கு நுனிவளைவு நல்லது, மீன் தொட்டதும் கைக்குத் தெரியும், முள்ளும் சட்டென்று ஏறும். மும்முள் தொங்கும் மீன்வடிவ இரைக்கு நடுவளைவு நல்லது. கோல் இளகிக் கொடுப்பதால் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வராது.

இந்தச் சொற்களை வைத்து அக்கா மகனுக்கு மறுபடியும் எழுதிய குறிப்பை அப்படியே தருகிறேன். படித்துப் பார்த்து எங்கே தடுக்குகிறது என்று சொல்லுங்கள்.

“ஆறரை முதல் ஏழடி வரையுள்ள கோல் எடு. நடுத்தர விறைப்பு, நுனிவளைவு. அதற்குத் தார்நிலை ராட்டை. நரம்பு 8 அல்லது 10 பவுண்டு, ஒற்றை இழை நைலான். தாரின் விளிம்பு வரை வழிய வழியச் சுற்றாதே, கொஞ்சம் இடம் விடு. பொய்யிரையில் முதலில் ரப்பர்ப்புழு ஒன்று போதும். முள்ளின் கூரைப் புழுவின் உடம்புக்குள்ளேயே புதைத்து வை, பாசியில் மாட்டாது. முன்னால் சின்ன ஈயம். எறிந்ததும் அடியில் இறங்க விடு, மெதுவாக இழு, நிறுத்து. பெரும்பாலும் இறங்கும்போதுதான் கவ்வும், அதனால் நரம்பைப் பார்த்துக்கொண்டே இரு. லைசென்ஸ் எடுத்துக்கொண்டு போ.”

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அவன் கொண்டுவந்த தார்நிலை ராட்டையை அம்மா மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வளைகம்பியைத் திறந்து நரம்பை நுனி வழியாக இழுத்தார். “இது தார்தான்டா” என்றார். மறுநாள் பாலாற்று மணலில் முள் இல்லாமல் வெறும் ஈயத்தைக் கட்டி எறிந்து பழகினோம். தண்ணீர் இல்லாத ஆறு அதற்காவது உதவியது. என் சித்தப்பா மகன் பத்தாவது எறிதலுக்குள் நேராகப் போட்டான். ஏரிக்கு மீன்பிடிக் குத்தகைதாரரைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பதால் காவேரிப்பாக்கம் ஏரியை அடுத்த முறைக்கு வைத்திருக்கிறோம்.

ஒரு ஐயம் மட்டும் பாக்கி. ஆரணி, காஞ்சிபுரம் பட்டுத்தறிக்காரர்கள் வீட்டிலும் இதைத் தார் என்றே சொல்கிறார்களா? சேலம், பரமக்குடிப் பக்கம் வேறு சொல் இருந்தால் அதையும் எழுதுங்கள். அதுவரை பட்டியலில் ‘சுழல்ராட்டை’யை அடித்துவிட்டு ‘தார்நிலை ராட்டை’ என்று பென்சிலில் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
குடியாத்தத்திலிருந்து