ஆபரேஷன் இல்லாமல் எடை குறைத்து, அதைத் திரும்ப ஏற விடாமல் வைத்திருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஈரோட்டுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம்ங்க. வயது 41, உயரம் 158 செ.மீ., இன்று காலை எடை 92 கிலோ. தைராய்டு சுரப்பு குறைவு, எட்டு வருடமாக மாத்திரை. முழங்கால் வலிக்காகப் போன இடத்தில் டாக்டர் காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னாலேயே எடையைப் பார்த்துவிட்டு, "இரைப்பையைச் சின்னதாக்குகிற ஆபரேஷன் பண்ணிக்கோங்க, நீங்களா குறைக்கிறது நடக்காது" என்று ஒரு நோட்டீஸைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். கோபம் வந்தது. ஆனால் பஸ்ஸில் வரும்போது அவர் சொன்னது சரிதானோ என்றும் தோன்றியது, ஏனென்றால் நான் ஏற்கெனவே இரண்டு முறை குறைத்தவள்.

2014இல் ஏழு நாள் பழம், ஏழு நாள் சூப் என்று ஏதோ ஒன்று, ஆறு கிலோ போனது, இரண்டே மாதத்தில் வந்துவிட்டது, அதை விடுங்கள். 2018இல் பேலியோ, அதாவது அரிசி, கோதுமை, சர்க்கரை எதுவும் தொடாத சாப்பாட்டு முறை. 89இல் இருந்து எட்டு மாதத்தில் 71. கல்யாண வீட்டில் எல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள், பிளவுஸ் எல்லாவற்றையும் பிடித்துத் தைத்தேன். அப்புறம் கொரோனா, எல்லோரும் வீட்டில், மூன்று வேளையும் நான்கு பேருக்குச் சமையல், 2021 முடியும்போது 92. பிடித்துத் தைத்ததை முதலில் பிரித்தேன், பிறகு அதுவும் போதாமல் புதிதாகவே தைக்க வேண்டியதாயிற்று.

ஜவுளிக் கம்பெனியில் கணக்கு வேலை, காலை ஒன்பதிலிருந்து இரவு ஏழு வரை நாற்காலிதான். வீட்டில் நான், வீட்டுக்காரர், பத்தாவது படிக்கிற மகள், மாமியார்.

"மூன்று மாதத்தில் 10 கிலோ குறைத்தேன்" என்பவர்கள் தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள், அது எனக்கே தெரியும், நானே செய்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு மேல் ஏறாமல் வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

நைட் ஷிப்ட்:

அக்கா, நான் இருக்கிறேன். வயது 46, அம்பத்தூரில் மெஷின் ஷாப். 108 இருந்தேன், இப்போது 83, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இரண்டு கிலோ ஆடும், இந்த 83 வந்து ஐந்து வருடம் ஆகிறது. முதல் வருடம் 14 கிலோ, இரண்டாவது வருடம் 9, மூன்றாவது வருடம் முக்கி முக்கி 2. நீங்கள் எட்டு மாதத்தில் குறைத்ததை நான் ஒன்றரை வருடம் இழுத்திருக்கிறேன்.

முதல் ஒரு மாதம் எதையும் குறைக்கவே இல்லை. சின்ன டைரியில் வாயில் போட்டதை எல்லாம் எழுதினேன், அவ்வளவுதான். எழுதிப் பார்த்தால்தான் தெரிகிறது, ஷிப்டில் ஆறு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அது மட்டும் 60 கிராம், 240 கலோரி. கூடவே ராத்திரி ஒரு மணிக்கு கேட் எதிரில் பரோட்டா, சால்னா. சோறு சாப்பிட்டுத்தான் குண்டானேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். சர்க்கரையை இரண்டிலிருந்து ஒன்று, ஒன்றிலிருந்து அரை என்று நான்கு மாதத்தில் விட்டேன், ஒரே நாளில் விட்டிருந்தால் நிச்சயம் திரும்பப் போயிருப்பேன். பரோட்டாவை விடவில்லை, சனிக்கிழமை இரண்டு. மற்ற நாள் வீட்டு டப்பா. டப்பாவில் சோறு ஒரே ஒரு கிண்ணம், அந்தக் கிண்ணத்தை மாற்றுவதில்லை, பொரியல் அதைவிட அதிகம், சுண்டலோ முட்டையோ மீனோ ஒன்று கண்டிப்பாக இருக்கும்.

ஏறாமல் இருப்பதற்கு ஒரே ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை எடை பார்ப்பேன். 86ஐத் தொட்டால் அன்றிலிருந்து வெளிச்சாப்பாடு நிற்கும், 83 வரும் வரை. தீபாவளி, பொங்கல் முடிந்ததும் கட்டாயம் 86 தொடும். மூன்று கிலோவை இறக்க ஒரு மாதம், ஆறு வாரம் போதும், பதினெட்டு கிலோவை இறக்க யாருக்கு மறுபடியும் தெம்பு இருக்கிறது சொல்லுங்கள். முன்னாடி நான் செய்த தப்பு, ஏற ஆரம்பித்ததும் மெஷின் மேல் நிற்கப் பயந்துகொண்டு அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டதுதான்.

முட்டை ஆம்லெட்:

சகோதரி, தப்பு பேலியோவில் இல்லை, நீங்கள் விட்டதில்தான். நான் நான்கு வருடமாக அரிசி, கோதுமை, சர்க்கரை தொடவில்லை, 24 கிலோ குறைந்தது குறைந்ததுதான். சோறு, இட்லி, தோசை மூன்றும் மாவு, மூன்றும் சர்க்கரையாகத்தான் மாறும். மறுபடி ஆரம்பியுங்கள், இந்த முறை விடாதீர்கள்.

ஈரோட்டுக்காரி:

உங்களுக்கு முடிந்ததில் சந்தோஷம்ங்க. எனக்கு இட்லி இல்லாமல் இருக்கக்கூட முடியும், மூன்று பேருக்கு இட்லி ஊற்றிப் பரிமாறிவிட்டுத் தனியாக எனக்கு மட்டும் நான்கு முட்டை உடைக்கிற பொறுமைதான் இரண்டு வருடத்தில் தீர்ந்துபோனது. அரிசிம்பருப்பு சோறு ஆக்குகிற நாளில் அந்த வாசத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சமைத்துக் கொடுப்பவரைக் கேளுங்கள்.

நைட் ஷிப்ட் தம்பி (எனக்கு மூத்தவர்தான், அக்கா என்றதால் சொல்கிறேன்!), அந்தக் கட்டிலுக்கு அடியில் தள்ளியது என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருக்கிறது. எங்கள் வீட்டில் பீரோவுக்குப் பின்னால்.

சமையலறைத் தராசு:

நான் 16 வருடமாக உணவு ஆலோசகராக இருக்கிறேன், எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டம்மா, முதலில் ஒன்று, திரும்ப ஏறியதற்கு உங்கள் மன உறுதியைத் திட்டாதீர்கள். எடை குறைந்ததும் உடம்பு அதைப் பஞ்சம் என்றே எடுத்துக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவில் ஐம்பது பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரியில் வைத்து எடை இறக்கி, ஒரு வருடம் கழித்துப் பார்த்தார்கள். அப்போதும் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடியே இருந்தது, வயிறு நிறைந்ததைச் சொல்லும் ஹார்மோன்கள் குறைந்தே இருந்தன. இது 2011இல் வந்தது. 2016இல் கெவின் ஹால் குழு, அமெரிக்காவில் எடைக்குறைப்பு டிவி போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து அளந்தது. சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், அதில் 41 கிலோ திரும்பியிருந்தது, அதோடு அந்த உடம்பளவுக்கு எரிய வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் செய்தது காட்டுத்தனமான உடற்பயிற்சி, எல்லோருக்கும் இந்த அளவு நடக்காது. ஆனால் திசை எல்லோருக்கும் ஒன்றுதான். 89 கிலோவில் இருந்தபோது சாப்பிட்டதை 71 கிலோ உடம்பு தாங்காது, அதுவும் முன்பைவிட அதிகப் பசியோடு. அதனால் குறைப்பது ஒரு வேலை, வைத்திருப்பது தனி வேலை, இரண்டாவதுக்கு யாரும் நோட்டீஸ் அடிப்பதில்லை.

வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்றுதானே கேட்டீர்கள். அமெரிக்காவில் 1994இல் இதற்கென்றே ஒரு பதிவேடு தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஒரு வருடமாவது வைத்திருந்தால்தான் சேர முடியும், பத்தாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு தடவையாவது எடை பார்ப்பவர்கள், பெரும்பாலானவர்கள் நாளுக்கு ஒரு மணி நேர அளவுக்கு உடம்பை அசைப்பவர்கள். ஜெயித்தவர்கள் மட்டும் தாங்களாக வந்து சேர்ந்த கூட்டம் என்பதை மறக்க வேண்டாம், ஆனாலும் நைட் ஷிப்ட் அண்ணன் வெள்ளிக்கிழமை செய்வது அப்படியே அங்கேயும் இருக்கிறது பாருங்கள்.

இனி உங்கள் வீட்டு விஷயம். தைராய்டு மாத்திரையைக் காபியோடு போடுகிறீர்களா? வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனை கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கூடவே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் பாருங்கள். ராத்திரி குறட்டை, பகலில் தூக்கம் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், தூங்காத உடம்புக்குப் பசி அடங்காது. நம் ஊர்ப் பெண்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும், மாதம் ஒரு முறை டேப் போட்டுப் பாருங்கள், எடை நகராத மாதத்திலும் டேப் நகரும்.

சோறா சப்பாத்தியா என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. அரிசி, கோதுமை, சாமை, வரகு எல்லாமே நூறு கிராமுக்குக் கிட்டத்தட்ட ஒரே கலோரிதான், அரிசியைவிடச் சிறுதானியத்தில் நார் கூடுதல், அது நல்லது, ஆனால் சாமைப் பொங்கலில் நெய் மிதந்தால் அது பொங்கல்தான். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொல்லிக்கொண்டு கொள்ளு ரசம் குடிக்கிறார்கள், அந்த எள்ளை ஆட்டிய எண்ணெயைத்தான் அதே வேளை பொடியில் மூன்று ஸ்பூன் ஊற்றுகிறார்கள். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி. உங்கள் வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள், அதை மட்டும் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். கொள்ளைத் தண்ணியாக வடிக்காமல் பருப்பாகவே கடைந்து சாப்பிடுங்கள், புரதம் வேண்டும். புரதமும் தசைக்கு வேலையும் இல்லாமல் குறைத்தால் கொழுப்போடு தசையும் போய்விடும். முழங்கால் வலிக்கு ஓட்டம், படிக்கட்டு வேண்டாம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது பத்து, சுவரில் கைவைத்துத் தள்ளுவது பத்து, வலிக்காத அளவுக்கு அங்கிருந்து தொடங்கினால் போதும்.

எடை குறைக்கிற ஊசியைப் பற்றி யாராவது கேட்பார்கள். செமாகுளுடைடு என்ற அந்த ஊசி மருந்தின் ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது, உண்மை. நிறுத்தி ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது, அதுவும் உண்மை. வேண்டுமென்றால் டாக்டரிடம் பேசுங்கள், வீட்டில் யாருக்காவது தைராய்டில் புற்றுநோய் வந்திருந்தால் அதை முதலில் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

ஒரு வழிப்போக்கி:

நான் 2019இல் இரைப்பையைச் சின்னதாக்குகிற ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டவள், திட்டாமல் படியுங்கள். 121இல் இருந்தேன், சர்க்கரை, பிரஷர் இரண்டும் இருந்தது, எனக்கு அது தேவைப்பட்டது, வருத்தமில்லை. 40 கிலோ போனது. அதில் 9 திரும்பிவிட்டது. எப்படி? ஐஸ்கிரீமுக்கும் முறுக்குக்கும் சின்ன வயிறு ஒரு தடையே இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க இறங்கும். இப்போது நானும் எடை பார்த்து, எழுதி, நடந்துதான் வைத்திருக்கிறேன், கூடுதலாக பி12, இரும்புச்சத்து மாத்திரை வேறு. உங்கள் டாக்டர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் கதவை ஒரேயடியாகச் சாத்தவும் வேண்டாம், சர்க்கரை கூடினால் அப்போது மறுபடி யோசிக்கலாம்.

நைட் ஷிப்ட்:

இதுதான் நான் தேடிய ஆளு. எங்கள் போர்மேன் ஆபரேஷன் முடிந்தால் கவலையே இல்லை என்று ஒரு வருடமாக என் காதைத் தின்கிறார், இதை அவருக்கு அனுப்புகிறேன்.

முட்டை ஆம்லெட்:

தராசு மேடம், கலோரி கணக்கு பழைய கதை. எனக்குப் பசியே இல்லை, எண்ணாமலேயே குறைந்தது.

சமையலறைத் தராசு:

பசி இல்லாததால் குறைவாகச் சாப்பிட்டீர்கள், அதனால் குறைந்தது சார். உங்களுக்கு ஒத்துவருகிறது, தொடருங்கள், கொலஸ்ட்ரால் மட்டும் வருடம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அவங்களுக்கு ஒத்துவரவில்லை என்று அவங்களே சொல்லிவிட்டார்கள். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களுக்கு நடையும் அளவான சாப்பாடும் மட்டும் சொல்லிக்கொடுத்து மூன்று வருடம் பார்த்தார்கள், அரிசியை யாரும் ஒழிக்கச் சொல்லவில்லை. நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் எடை பெரிதாகக் குறையவில்லை. ஈரோட்டம்மா, இது உங்களுக்காகத்தான், 71ஐத் தொட்டால்தான் பலன் என்று நினைக்க வேண்டாம். 92இல் ஐந்து கிலோ போனாலே முழங்கால் முதலில் சொல்லும்.

ஈரோட்டுக்காரி (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றிங்க, தாமதத்துக்கு மன்னிக்கணும், மகளுக்குத் தேர்வு.

மாத்திரையைக் காபியோடுதான் போட்டுக்கொண்டிருந்தேன், எட்டு வருடமாக, யாரும் சொல்லவில்லை. ரத்தம் கொடுத்துப் பார்த்தேன், டி.எஸ்.ஹெச். கொஞ்சம் கூடத்தான் இருந்தது, இப்போது மாத்திரைக்கும் காபிக்கும் நடுவில் வாசல் தெளித்து, கோலம் போட்டு, பால் வாங்கி வந்துவிடுகிறேன். சர்க்கரை விளிம்பில் நிற்கிறது.

அப்புறம் எண்ணெய். கணக்குப் பார்க்கிறவள், ஆனால் இதை மட்டும் போட்டதே இல்லை. கடலை எண்ணெய் மூன்று, நல்லெண்ணெய் ஒன்று, சூரியகாந்தி ஒன்று, மாதம் ஐந்து லிட்டர், நான்கு பேர். தலைக்கு நாளுக்கு 38 கிராம், சுமார் 340 கலோரி, வெளியே தின்னும் வடை, பஜ்ஜி சேர்க்காமல். மாமியாரிடம் சொன்னேன், "தாளிக்காம எப்படிச் சாப்பிடறது" என்று இரண்டு நாள் பேசவில்லை. தாளிக்க வேண்டாம் என்று நான் சொல்லவேயில்லை, எண்ணெய்த் தூக்கிலிருந்து நேராகச் சரிக்காமல் ஸ்பூனில் எடுத்து ஊற்றுவோம் என்றுதான் சொன்னேன். இந்த மாதம் மூன்றரை லிட்டரோடு நின்றது, குழம்பு நன்றாக இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

வ.உ.சி. பூங்காவில் சாயங்காலம் நடக்கப் போனேன், நான்காம் நாளே ஆபீஸ் முடிய எட்டு ஆனது. அதனால் மொட்டை மாடியில் இருபது நிமிடம், மத்தியானம் சாப்பிட்டதும் கம்பெனி வளாகத்தில் பத்து நிமிடம். நாற்காலிப் பயிற்சி செய்கிறேன், முதல் வாரம் நான்குக்கு மேல் முடியவில்லை, இப்போது ஒன்பது.

எடை 90.6. பீரோவுக்குப் பின்னால் இருந்த மெஷினுக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை விரதம் என்பதால் எனக்குச் சனிக்கிழமை.

அடுத்த வாரம் நாத்தனார் வீட்டில் விசேஷம், ஒப்புட்டு (போளி) இருக்கும். இரண்டு சாப்பிடுவேன், எழுதியும் வைப்பேன்.

நைட் ஷிப்ட்:

ஒப்புட்டு மேல் ஊற்றுகிற நெய் எத்தனை ஸ்பூன் என்பதையும் எழுதுங்க அக்கா.