மசினகுடியில் ஒரு நாள்: பாறுக் கழுகு பார்க்க எங்கே, எத்தனை மணிக்கு நிற்க வேண்டும்?

கோவைக்காரன்:
ஜனவரி கடைசியில் மசினகுடி போகிறோம். பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு பார்ப்பதுதான் முதல் வேலை, மற்ற பருந்து, வைரி எல்லாம் கிடைத்த வரை லாபம். கையில் 8×42 பைனாகுலர் இருக்கிறது. விடியற்காலை கோவையில் கிளம்பினால் போதுமா? உயரத்தில் வட்டமடிக்கும்போது எல்லாமே கறுப்பாகத் தெரிகிறதே, எப்படிப் பிரித்துச் சொல்வது? முக்காலியில் வைத்துப் பார்க்கும் ஸ்கோப்பும் தேவையா?

சீகூர் பக்கம்:
முதல் நாளே வந்து தங்கிவிடுங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவில் வெளியூர் வண்டிகள் இறங்கக் கட்டுப்பாடு உண்டு. கூடலூர், தெப்பக்காடு சுற்றி வருவதற்குள் நல்ல நேரம் போய்விடும். நீலகிரிக்கு இ-பாஸ் மறக்க வேண்டாம்.

பாறு அதிகாலையில் பறக்காது. அத்தனை கனமான உடம்பை இறக்கை அடித்தே தூக்குவது அதற்குக் கட்டுப்படியாகாது, தரை சூடாகி வெப்பக்காற்று மேலெழ வேண்டும். மேகமில்லாத நாளில் ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் மரத்தை விட்டுக் கிளம்பும். பன்னிரண்டு வரை பார்க்கலாம். பிறகு புள்ளியாகிவிடும். மூன்றரைக்கு மேல் மறுபடி தாழ வரும். ஏழு முதல் ஒன்பது வரை வல்லூறு, வெள்ளைக்கண் வைரி, குடுமிப்பாம்புக் கழுகு எல்லாம் கிளையிலேயே உட்கார்ந்திருக்கும், அவற்றைப் பாருங்கள்.

கறுப்பாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் நிற்கும் திசை. மசினகுடியில் நீலகிரிச் சரிவு தெற்கே. ஜனவரியில் சூரியனும் அந்தப் பக்கம்தான். எல்லோரும் மலையைப் பார்த்தே நிற்கிறார்கள். காலையில் வெயில் முதுகில் விழும்படி வடமேற்கு வானத்தைப் பாருங்கள், இறக்கையின் அடிநிறம் தெரியும். ஊரை ஒட்டிய வெட்டவெளியே போதும். காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள். அபராதம் ஒருபக்கம், புதருக்குள் யானை நிற்பது கடைசி நொடி வரை தெரியாது.

வைரி:
தலையைத் தேடாதீர்கள், இறக்கையின் அடியைப் பாருங்கள்.

வெண்முதுகுப் பாறு: உடம்பு கருமை, இறக்கையின் முன்பாதி வெள்ளை, பின்பாதி கருமை. இங்கே அதிகம் இதுதான். கருங்கழுத்துப் பாறுக்கு உடம்பே வெளிர் மணல் நிறம், அதனால் முன்பாதியும் உடம்பும் ஒன்றாகத் தெரியும். செம்முகப் பாறு முழுக்கக் கருமை, இறக்கை நடுவே மெல்லிய வெளிர்ப் பட்டை, தொடை பக்கத்தில் இரண்டு வெள்ளைத் திட்டு. மஞ்சள்முகப் பாறு வெள்ளை உடம்பு, ஆப்பு வடிவ வால்.

ஏமாற்றுவது கருங்கழுகு. நீண்ட வாலோடு, இறக்கையைச் சற்றே மேலே தூக்கி, மரத்தலைகளை உரசுவது போல மெதுவாக மிதக்கும். பாறின் வால் குட்டை. வாலில் பிளவு இருந்தால் கள்ளப்பருந்து, பேச்சே இல்லை.

கோவைக்காரன்:
நன்றி சார். வெண்முதுகுப் பாறின் குஞ்சுக்கும் இதே அடையாளமா?

வைரி:
இல்லை. இளசு பழுப்பாக இருக்கும், முன்பாதி வெள்ளை கிடையாது, மெல்லிய வெளிர்கோடு மட்டும். முதுகிலும் வெள்ளை இராது. முழு நிறம் வர நாலைந்து வருடம் ஆகும். சந்தேகமிருந்தால் 'பாறு, இனம் தெரியவில்லை' என்றே குறியுங்கள். தப்பான இனப்பெயரை விட அது எவ்வளவோ மேல்.

முக்காலி:
ஸ்கோப் வாடகைக்கு எடுக்க வேண்டாம். பதினொரு மணிக்குமேல் கானல் எழும்பினால் 60 மடங்கில் பறவை கூழாகத்தான் தெரியும். 20, 25க்கு இறக்கினால்தான் உருவம் நிற்கும். வட்டமடிக்கும் பறவையைத் துரத்த உங்கள் 8×42தான் சௌகரியம். நீலவானத்தில் துழாவாமல் வெள்ளை மேகத்தின் மேல் துழாவுங்கள். கேமரா இருந்தால் ஷட்டர் வேகம் 1/1600 நொடி, வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் வானம் நன்றாக வரும், பறவை கரித்துண்டாகிவிடும்.

எண்ணும்போது, கூட்டம் சுற்றும் நேரத்தில் எண்ணினால் ஒரே பறவை இரண்டு தடவை கணக்கில் வரும். வெப்பக்காற்றுச் சுழலின் உச்சிக்குப் போய் ஒவ்வொன்றாக வரிசையில் விலகிச் சறுக்கும், அப்போது எண்ணி, நேரமும் திசையும் எழுதுங்கள்.

ஜனவரி அவை கூட்டில் இருக்கும் காலம். ஆற்றோர நீர்மருத மரத்தில் கூடு கண்ணில் பட்டால் கிட்டே போகாதீர்கள், படத்தோடு இடத்தைப் போடவும் வேண்டாம்.