20 வருடப் பழைய கேம்களில் இன்னும் ஆள் இருக்கிறார்களா?

மன்னை வாசி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் மன்னார்குடி பக்கம். அக்கா பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப் பீரோ மேல் கிடந்தது. லீவுக்கு வந்த அக்கா பையன்கள் அதைத் தூசி தட்டி எடுத்து ஆன் செய்துவிட்டார்கள். பேட்டரி போய்விட்டது, சார்ஜர் போட்டபடியே இருந்தால் ஓடுகிறது. 2 ஜிபி ராம், விண்டோஸ் 7. அதில் எப்போதோ யாரோ ஏற்றி வைத்த கிரிக்கெட் 07 இருந்தது. இப்போது போனில் இருக்கும் புது கேம்களை எல்லாம் விட்டுவிட்டு இரண்டு பேரும் ஒரே கீபோர்டில் அதைத்தான் விளையாடுகிறார்கள், சாப்பிடக் கூப்பிட்டால்கூட இந்த ஓவர் முடியட்டும் என்கிறார்கள். 2006-ல் வந்த கேம், இவர்கள் பிறப்பதற்கு முன்னால் வந்தது.

என் கேள்வி இதுதான். இந்த மாதிரிப் பழைய கேம்களை நிஜமாகவே நிறையப் பேர் இன்னும் விளையாடுகிறார்களா, இல்லை ஆசைக்கு ஒரு தடவை திறந்து பார்ப்பதோடு சரியா? தனியாக விளையாடுவதைக் கேட்கவில்லை. ஆன்லைனிலோ லேனிலோ (ஒரே இடத்தில் கணினிகளை இணைத்து) எதிரே ஆள் வேண்டும்.

குடந்தை 1.6:

கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6, துப்பாக்கிச் சண்டை கேம். 1999-ல் ஹாஃப் லைஃப் கேமுக்கு மாட் (ஒரு கேமை மாற்றிச் செய்தது) ஆக ஆரம்பித்தது, 1.6 பதிப்பு வந்தது 2003-ல். அதற்குப் பிறகு சோர்ஸ், குளோபல் அஃபென்சிவ், இப்போது 2 என்று வரிசையாக வந்துவிட்டன, ஆனாலும் கேம் வாங்கி இறக்குகிற ஸ்டீம் தளத்தில் எந்த நேரத்தில் பார்த்தாலும் 1.6-ல் ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருப்பார்கள்.

ஆன்லைனை விடுங்கள், லேன்தான் இதில் உயிர். கும்பகோணத்தில் பிரவுசிங் சென்டர்கள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு எங்கள் செட் அப்படியே வீட்டுக்கு மாறியது. மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு நண்பன் வீட்டு மாடியில், நடுவில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சுற்றிலும் லேப்டாப். ரவுட்டர் வேண்டாம், ஒருவர் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் போதும். ஒருவர் நியூ கேம் கொடுத்து டஸ்ட் 2 மேப்பைத் திறக்க வேண்டும், மற்றவர்கள் கேமுக்குள் கட்டளை அடிக்கிற கன்சோலைத் திறந்து கனெக்ட் என்று அடித்து அவருடைய ஐபி எண்ணைப் போட வேண்டும், அவ்வளவுதான். விளையாட்டு லேப்டாப்களுக்குள்ளேயே நடப்பதால் டேட்டா போகாது. சிக்னலே இல்லாத இடத்தில்கூட நடக்கும். தீபாவளி, பொங்கலுக்கு சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஊர் திரும்புகிற பசங்க பையில் துணியோடு மவுஸையும் வைத்துக்கொண்டுதான் வருவார்கள்.

திருவாரூர் தேர்வடம்:

நல்ல கேள்வி தம்பி. எனக்கு இதில் ரொம்ப நாளாக ஒரு கருத்து உண்டு, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பழைய ஞாபகத்தில் விளையாடுகிறார்கள் என்று பலர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். உன் அக்கா பையன்களுக்கு 2006 பற்றி என்ன ஞாபகம் இருக்க முடியும்?

சர்வரும் ஃபைல்களும் யார் கையில் இருக்கின்றன என்பதுதான் விஷயம். மேலே குடந்தைக்காரர் சொன்ன 1.6-ஐ எடுத்துக்கொள். சர்வர் மென்பொருளை கேம் வாங்கியவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள், அதனால் மாடியில் உட்கார்ந்து நீயே சர்வர் நடத்தலாம், யாராலும் அதை நிறுத்த முடியாது. மறுபக்கம் தி க்ரூ என்று ஒரு கார் ரேஸ் கேம், யூபிசாஃப்ட் 2014-ல் வெளியிட்டது. 2024 மார்ச் கடைசியில் கம்பெனி சர்வரை அணைத்தது, காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவர்கள் தனியாகக்கூட வண்டி ஓட்ட முடியாமல் போனது. பத்து வருடம்கூட ஓடவில்லை. அந்தக் கோபத்தில் கிளம்பிய கையெழுத்து இயக்கம் ஐரோப்பாவில் 2025 ஜூலையில் 10 லட்சத்தைத் தாண்டியது. ஆனால் 1993-ல் வந்த டூம் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் இன்றைக்கும் ஓடுகிறது, ஏனென்றால் 1997-லேயே அதன் மூல நிரலைப் பொதுவில் வைத்துவிட்டார்கள். இன்று வரை புதுப்புது மேப்கள் வந்துகொண்டே இருக்கின்றன, கேமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோவே 30-வது ஆண்டுக்கு, 2023 டிசம்பரில், ஒரு புது மேப் தொகுப்பு வெளியிட்டார்.

கிரிக்கெட் 07-க்கும் அதே கதைதான். அதற்குப் பிறகு அதை வெளியிட்ட ஈஏ கம்பெனி கணினிக்கு இன்னொரு கிரிக்கெட் கேம் போடவே இல்லை. ஐபிஎல் தொடங்கியதோ 2008-ல். அப்படியானால் உன் லேப்டாப்பில் இருப்பதில் மஞ்சள் ஜெர்சி எப்படி வந்தது, இருக்கிறதா என்று பார். இருந்தால் அது யாரோ ஒரு ரசிகர் உட்கார்ந்து செய்தது. நானும் கொஞ்ச காலம் செய்திருக்கிறேன். ஜெர்சி என்பது உள்ளே ஒரு தட்டையான படம், முன்பக்கம், முதுகு, கை எல்லாம் பிரித்து விரித்து வைத்தது போல இருக்கும். அதில் நிறத்தை மாற்றி, காலர் கோடு வரைந்து, ஸ்பான்சர் பெயரை சரியான இடத்தில் ஒட்டி, திரும்ப ஃபைலுக்குள் ஏற்றி, கேமைத் திறந்து பார்த்தால் தோள்பட்டையில் கோடு கோணலாக இருக்கும். மூடி, நகர்த்தி, மறுபடி திறக்க வேண்டும். இப்படி ஒரு கோட்டுக்காகவே ராத்திரி போய்விடும். ஒவ்வொரு ஏலம் முடிந்ததும் அணி மாறிய அத்தனை வீரர்களையும் ரோஸ்டரில் (அணி வீரர் பட்டியலில்) மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பத்து பைசா வருமானம் கிடையாது. குடிமராமத்து போல, வாய்க்காலைப் பயன்படுத்துகிறவர்களே தூர் வாருகிறார்கள், அதனால் தண்ணீர் வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதில் வர்ணனை செய்பவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் ரிச்சி பெனோ. அவர் 2015-ல் காலமானார். ஜெர்சி, அணி, மைதானம் எல்லாம் புதுசாக மாறிக்கொண்டே இருக்க, மேலே அந்தக் குரல் மட்டும் அப்படியே இருக்கிறது, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

தஞ்சை கீழவாசல்:

தேர்வடம் அண்ணே, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஊர் கட்டிப் படை திரட்டிப் போரிடுகிற ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 இன்று உயிரோடு இருப்பதற்குக் கம்பெனியும் ஒரு காரணம் இல்லையா? 1999-ல் வந்தது, 2013-ல் எச்டி, 2019-ல் டெஃபினிட்டிவ் எடிஷன் என்று மைக்ரோசாஃப்ட் திரும்பத் திரும்பச் செலவு செய்தது. ஸ்டீமில் மட்டும் தினமும் பத்தாயிரத்துக்கும் மேல் ஆட்கள். 2022-ல் ஜெர்மனியில் ஹைடல்பெர்க் கோட்டைக்குள்ளேயே வைத்துப் பெரிய போட்டி நடத்தினார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிச் செய்தி. 2022-ல் அதற்கு வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பில் திராவிடர்கள் என்று ஒரு நாகரிகம் உண்டு, அதற்குக் கொடுத்திருக்கும் கதைத் தொடர் ராஜேந்திர சோழன். பெரிய கோயிலை நாள் தவறாமல் பார்த்து வளர்ந்தவன் நான், திரையில் சோழர் கப்பலைக் கடலில் இறக்கும்போது உடம்பு சிலிர்த்தது. ஆட்டமும் சும்மா பெயருக்கு இல்லை. ஒவ்வொரு யுகம் மாறும்போதும் 200 மரம் இலவசமாகக் கிடைக்கும். திரிசடை என்று தனிக் கப்பல், சுருள்வாளோடு உருமி வீரர்கள். ஆனால் நைட் குதிரைப்படை கிடையாது, அதனால் திறந்தவெளி மேப்பில் எதிராளி குதிரையோடு வந்தால் கிராமத்து ஆட்களைக் காப்பாற்றுவது பெரும்பாடு. ஈட்டிக்காரர்களை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள். தண்ணீர் மேப் கிடைத்தால் நாம்தான்.

ரேங்க் ஆட்டம் போட்டால் எதிராளி சில நிமிடத்தில் கிடைத்துவிடுவார், உங்கள் தரத்துக்கே.

திருவாரூர் தேர்வடம்:

கீழவாசல், கம்பெனி செலவு செய்தது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். கம்பெனி கைவிட்டுக் கிடந்த காலத்தில் ரசிகர்கள் சிலர் தாங்களாகவே ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்று புது நாகரிகங்களைச் சேர்த்து ஒரு மாட் செய்தார்கள். அதைத்தான் 2013-ல் அதிகாரபூர்வமாக எடுத்துக்கொண்டார்கள், இந்தியர்கள் என்ற நாகரிகமே முதலில் வந்தது அதில்தான். ஆக முதல் மண்வெட்டி போட்டது விளையாடியவர்கள்தான்.

நாகை அலைவரிசை:

ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2004-ல் வந்தது, கணினியில் ஆன்லைன் வசதியே இல்லை, மல்டி தெஃப்ட் ஆட்டோ என்ற மாட் மூலம் ரசிகர்களே அதைக் கொண்டுவந்தார்கள். லாரி ஓட்டிச் சரக்கு இறக்குகிற சர்வரில் நான் இன்றும் இருக்கிறேன்.

மன்னை வாசி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கிரிக்கெட்டில் பார்த்தேன், மஞ்சள் ஜெர்சி இருக்கிறது! ஆனால் இந்த லேப்டாப்பில் ஸ்டீம் ஏறவே மாட்டேன் என்கிறது. வேறு என்ன வழி?

குடந்தை 1.6:

ஏறாது. 2024 ஜனவரி 1-லிருந்து விண்டோஸ் 7-க்கு ஸ்டீம் ஆதரவு கிடையாது. கீழவாசல் சொன்ன டெஃபினிட்டிவ் எடிஷனும் 64 பிட் விண்டோஸ் 10 கேட்கும். அதற்காகக் கண்ட தளத்திலிருந்து கிராக் செட்டப் இறக்கிவிடாதீர்கள், கேமோடு வைரஸும் வரும். லேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டுவிட்டு ஓப்பன் டிடிடி இறக்குங்கள். ரயில், பஸ் விட்டுப் போக்குவரத்துக் கம்பெனி நடத்துகிற கேம், 1995-ல் வந்த டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸை ரசிகர்கள் 2004-லிருந்து தாங்களாகவே மறுபடி எழுதியது, முழுக்க இலவசம், சட்டப்படியும் சரி. சர்வர் பட்டியல் உள்ளேயே இருக்கும். ஒரே ஆட்டத்தில் 15 கம்பெனி வரை போட்டி போடலாம்.

மன்னை வாசி:

போட்டாச்சு அண்ணே. பையன்கள் ஸ்டேஷன்களுக்கு நீடாமங்கலம், மன்னார்குடி என்று பெயர் வைத்து ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள், அடுத்தது பட்டுக்கோட்டைக்கு இழுக்கிறார்களாம். ஒரு ரயில் நன்றாக ஓடியது, இரண்டாவது ரயிலை விட்டதும் இரண்டும் நடுவழியில் எதிரெதிரே நின்றுவிட்டன. சிக்னல் எங்கே வைக்க வேண்டும்?

நாகை அலைவரிசை:

ஒற்றைத் தண்டவாளத்தின் நடுவில் சிக்னலே வைக்கக் கூடாது, இருந்தால் எடுத்துவிடுங்கள். நீடாமங்கலம், மன்னார்குடி இரண்டிலும் இரண்டு பிளாட்பாரம் போட்டு, ஒவ்வொரு பிளாட்பாரத்திலிருந்தும் ரயில் வெளியே வருகிற முனையில் ஒரு பாத் சிக்னல் வையுங்கள். எதிர் ரயில் உள்ளே வந்து சேரும்வரை இந்த ரயில் பிளாட்பாரத்திலேயே காத்திருக்கும். மூன்றாவது ரயில் விடுவதாக இருந்தால் நடுவில் ஒரு லூப் லைன் (ரயில் ஒதுங்கி நிற்கப் பக்கத் தண்டவாளம்) போட்டு அதன் இரண்டு முனையிலும் இதே மாதிரி வைத்துவிடுங்கள். சர்வர் திறந்தால் ஐபி அனுப்புங்கள், நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து நான் ஒரு லைன் போட்டுக்கொண்டு வருகிறேன்.