சந்தேகம்: 2018 ஹோண்டா சிட்டி சிவிடியா, 2019 மாருதி சியாஸ் ஆட்டோமேட்டிக்கா?

மடிப்பாக்கத்தான்:
வணக்கம். பழைய செடான் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெட்ரோல், ஆட்டோமேட்டிக் இரண்டும் கட்டாயம். இரண்டு வண்டி கைவசம் இருக்கிறது.

ஒன்று, 2018 ஏப்ரல் தயாரிப்பு ஹோண்டா சிட்டி விஎக்ஸ் சிவிடி (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்). 62,000 கி.மீ., சென்னைப் பதிவு, ஒரே ஓனர். கடைசி இரண்டு வருஷம் வெளி மெக்கானிக்கிடம் சர்வீஸ். இன்னொன்று, 2019 மார்ச் தயாரிப்பு சியாஸ் ஆல்ஃபா 1.5 ஆட்டோமேட்டிக். 48,000 கி.மீ., கோவைப் பதிவு, இரண்டாவது ஓனர், சர்வீஸ் முழுக்கக் கம்பெனியில். விலை வித்தியாசம் 25,000 ரூபாய்தான்.

வார நாளில் வேளச்சேரி–கிண்டி நெரிசல், மாதம் ஒருமுறை திருச்சி. ஏழெட்டு வருஷம் வைத்து ஓட்டும் எண்ணம். சிட்டியில் ஒரே ஒரு உறுத்தல்: சிக்னலில் இருந்து மெல்ல நகரும்போது 20 கி.மீ. வேகத்துக்குள் லேசாக உதறுகிறது. அதற்கு மேல் குறையே இல்லை. "சிவிடின்னா அப்படித்தான் சார்" என்கிறார் விற்பவர். உண்மையா?

பட்டறைக்காரன்:
இல்லை சார், நல்ல சிவிடி உதறாது. அதிலே இரண்டு புல்லிக்கு நடுவே ஓடுவது எஃகு பெல்ட். அது வழுக்காமல் பிடிப்பதே ஆயிலின் அழுத்தத்தாலும் குணத்தாலும்தான். ஆயில் பழசானாலோ, தப்பான ஆயில் ஊற்றினாலோ முதலில் தெரிவது மெதுவாக நகரும்போது வரும் இந்த உதறல்தான்.

முதலில் இன்ஜின் மவுண்ட்டா (இன்ஜினைத் தாங்கும் ரப்பர்), கியர்பாக்ஸா என்று பிரித்துப் பாருங்கள். வண்டி சூடான பிறகு பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு 'டி'யில் அரை நிமிஷம், 'ஆர்'இல் அரை நிமிஷம் நில்லுங்கள். நிற்கும்போதே ஸ்டியரிங்கும் சீட்டும் நடுங்கினால் பெரும்பாலும் மவுண்ட். சில ஆயிரத்தில் முடியும். நிற்கும்போது சும்மா இருந்து, நகரும்போது மட்டும் உதறினால் சந்தேகம் கியர்பாக்ஸ் மேல்தான்.

அடுத்தது பில். இந்த வண்டிக்கு ஹோண்டாவின் எச்சிஎஃப்-2 கியர்பாக்ஸ் ஆயில் தவிர வேறு எதுவும் ஆகாது. சாதாரண ஏடிஎஃப் (மற்ற ஆட்டோமேட்டிக் வண்டிகளின் கியர் ஆயில்) ஊற்றிவிட்டால் பெல்ட்டும் புல்லியும் கீறிப்போகும். 40,000 கி.மீ. வாக்கில் மாற்றியிருக்க வேண்டும். பில்லில் ஆயிலின் பெயர் இருக்கிறதா பாருங்கள்.

சேசிஸ் நம்பர்:
இரண்டு வண்டிக்குமே ரீகால் (குறையுள்ள பாகத்தைக் கம்பெனியே கூப்பிட்டு மாற்றித் தருவது) பார்க்க வேண்டியிருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

சிட்டி: 2018இல் தயாரான 65,651 வண்டிகளுக்கு (சிட்டியோடு வேறு மாடல்களும் சேர்த்து), டேங்கில் இருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்பை மாற்ற 2020 ஜூனில் ஹோண்டா அறிவித்தது. பிறகு 2017 ஆகஸ்ட் முதல் 2018 ஜூன் வரை தயாரான வண்டிகளையும் சேர்த்து 2024 நவம்பரில் இன்னொரு சுற்று. பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் என்ற சக்கரத்தில் குறை. ஓடும்போதே இன்ஜின் நின்றுவிடலாம், ஸ்டார்ட் ஆகாமலும் போகலாம்.

சியாஸ்: 2019 ஜனவரி 1 முதல் நவம்பர் 21 வரை தயாரான ஹைப்ரிட் பெட்ரோல் வண்டிகளுக்கு (எர்டிகா, எக்ஸ்எல்6 சேர்த்து 63,493) மோட்டார் ஜெனரேட்டர் யூனிட் ரீகால். இன்ஜினுக்குத் துணை செய்யும் மின்மோட்டார்தான் அது, உங்கள் சியாஸும் இந்த ஹைப்ரிட்தான். 2021 செப்டம்பரில் அதே பாகத்துக்காக, பல மாடல் சேர்த்து 1,81,754 வண்டிகள். மாற்றித் தரும்வரை தேங்கிய தண்ணீரில் ஓட்டாதீர்கள், மோட்டார் மேல் நேரடியாகத் தண்ணீர் பீய்ச்சாதீர்கள் என்று அப்போது கம்பெனியே சொன்னது. வேளச்சேரிக்காரர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சேசிஸ் நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் போட்டால் பாக்கி இருக்கிறதா தெரியும். எத்தனையாவது ஓனர் ஆனாலும் வேலை இலவசம்.

மடிப்பாக்கத்தான்:
மிக்க நன்றி. பிரேக் மிதித்து நின்று பார்த்தேன், இரண்டு கியரிலும் நடுக்கமே இல்லை. பில்லில் "கியர் ஆயில் 3.5 லி" என்று மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை. சிட்டிக்கு பம்ப் பாக்கி. சியாஸில் ரீகால் வேலை முடிந்தது என்று காட்டுகிறது. ஆயில் மாற்றினால் சிட்டி சரியாகிவிடுமா?

பட்டறைக்காரன்:
ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஒரு தடவை இறக்கினால் மூன்றரை லிட்டர் அளவுதான் வரும். மீதி கியர்பாக்ஸுக்கு உள்ளே டார்க் கன்வெர்ட்டரிலும் வால்வ் பாடியிலும் தங்கிவிடும். அதனால் ஒருமுறை மாற்றி, சில நூறு கி.மீ. ஓட்டி, மறுபடி மாற்ற வேண்டும். டிரெய்ன் போல்ட் வாஷரை ஒவ்வொரு தடவையும் புதுசு போடணும். போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு இருந்தால் பரவாயில்லை. ஊசி ஊசியாக மின்னும் துகள் இருந்தால் பெல்ட் தேய்ந்துகொண்டிருக்கிறது.

இதை விற்பவர் தன் செலவில், உங்கள் கண் முன்னால் செய்து தரட்டும். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கியர்பாக்ஸ் மாற்ற வேண்டி வந்தால் லட்சத்தைத் தாண்டும். விலையில் பத்தாயிரம் குறைத்துத் தருவது அதற்கு ஈடாகாது.

இன்ஜின் விஷயத்தில் இரண்டுமே நல்ல வண்டி, இரண்டிலும் டைமிங் செயின். சிட்டியில் டாப்பெட் கிளியரன்ஸை (இன்ஜின் வால்வுக்கு விடும் இடைவெளி) கையால்தான் வைக்கணும், ஆறிய இன்ஜினில் இன்டேக் 0.15–0.19 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.26–0.30. பலர் இதைச் செய்வதே இல்லை. இன்ஜின் ஆறியிருக்கும்போது டிக் டிக் என்று சத்தம் வந்தால் இதைத்தான் முதலில் பார்க்கணும்.

நாலு கியர்:
சியாஸ் கியர்பாக்ஸ் பழைய வகை, நாலே கியர். ஓவர்டேக் பண்ணும்போது இன்ஜின் சத்தம் போடும், திருச்சி ரோட்டில் சிட்டி அளவுக்குச் சொகுசு வராது. ஆனால் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போவதைத் தாங்கும், நம்மூர் மெக்கானிக் பலருக்கும் பழக்கமான அமைப்பு. ஏழெட்டு வருஷம் வைத்துக்கொள்வதானால் என் ஓட்டு இதற்குத்தான்.

சோதிக்கும்போது 'பி'யில் இருந்து 'ஆர்', பிறகு 'டி' போடுங்கள். ஒரு வினாடிக்கு மேல் தாமதித்து 'டங்' என்று இடித்தால் ஆயிலைச் சந்தேகப்படுங்கள். டாப் கியரில் ஓடும்போது ஓவர்டிரைவை (டாப் கியரை) பட்டனால் அணைத்ததும் ஆர்.பி.எம். ஏற வேண்டும். ஹைப்ரிட்டுக்கு, வண்டி நன்றாகச் சூடான பின் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு ஏசியைக் குறைத்து சிக்னலில் நில்லுங்கள்: இன்ஜின் தானாக அணைந்து, பிரேக்கை விட்டதும் எழ வேண்டும். பலமுறை முயன்றும் அணையவே இல்லை என்றால் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். இதில் இரண்டு பேட்டரி. லித்தியம் பேட்டரி முன் இடது சீட்டுக்கு அடியில். சாதாரண பேட்டரி விலையில் அது கிடைக்காது.

சேசிஸ் நம்பர்:
கோவைப் பதிவு என்பதால் வெள்ளம் பார்க்காத வண்டி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கம்பெனி சர்வீஸ் பதிவில் ஒவ்வொரு வேலையும் எந்த ஊரில் நடந்தது என்று இருக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் நேரத்தில் வண்டி எங்கே நின்றது என்று அதில் பாருங்கள். அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் கார்ப்பெட், வயரிங், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று பில் இருந்தால் விலகிவிடுங்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், வெள்ளம் பார்த்த வண்டி என்றால் சேற்றுக் கோடு இருக்கும். பெல்ட்டைக் கழுவியவர்கள்கூட உள்ளே சுருண்டிருக்கும் கடைசி அரை அடியை விட்டுவிடுவார்கள். சீட் ரயில் போல்ட்டில் துரு, ஸ்டெப்னி குழியில் மண்ணும் பாருங்கள். இன்சூரன்ஸில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்குத் தரும் தள்ளுபடி) எத்தனை சதவீதம் என்பதும் முக்கியம். ஆனால் அது வண்டியோடு வராது, ஓனரோடு போகும். அதனால் இந்த ஓனர் வாங்கிய தேதிக்கு முந்தைய கிளெய்மையும் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்கச் சொல்லுங்கள்.

மடிப்பாக்கத்தான்:
சிட்டிக்காரர் ஆயில் மாற்ற ஒத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை கோவை போகிறேன். வேறு என்ன பார்க்க வேண்டும்?

பட்டறைக்காரன்:
போகும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஆறவிட்டு, பிறகு ஸ்டார்ட் பண்ணிச் சத்தத்தைக் கவனியுங்கள். ஓபிடி ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டரில் பதிவான எரரைப் படிக்கும் கருவி) எடுத்துப் போங்கள். எரர் எதுவும் இல்லை, ஆனால் ரெடினஸ் மானிட்டர் (வண்டி தானே செய்துகொள்ளும் சோதனைகள்) பாதி முடியவில்லை என்று காட்டினால் சமீபத்தில்தான் எரரை அழித்திருக்கலாம். ஸ்பீடு பிரேக்கரில் ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றி இறக்குங்கள், டக் டக் என்றால் சஸ்பென்ஷனில் லிங்க் ராட் அல்லது லோயர் ஆர்ம் புஷ். அது பெரிய செலவு இல்லை, விலையில் கழித்துக்கொள்ளலாம். ஆர்சியில் பேங்க் லோன் இருந்தால் ஃபார்ம் 35ஐயும் (ஆர்சியில் இருந்து லோனை நீக்கும் படிவம்) பேங்க் என்ஓசியையும் கையில் வாங்காமல் முழுப் பணம் கொடுக்க வேண்டாம்.