புதுப்பிப்பு: நேரடி வரைபடம் திணறியது, சரியாகிவிட்டது

முதல் பதிவில் கேட்டது: சென்சாரிலிருந்து விநாடிக்கு 1000 அளவீடுகள் வருகின்றன, கடைசி 60 விநாடி திரையில் ஓட வேண்டும், ஆனால் சில நிமிடங்களில் வரைபடம் உறைந்துவிடுகிறது.

காரணம் இரண்டு. ஒவ்வொரு அளவீட்டுக்கும் முழுப் படமும் அழித்து வரையப்பட்டது. அளவீடுகளைச் சேர்த்துவைத்த பட்டியலும் முடிவில்லாமல் வளர்ந்தது. இப்போது சென்சாரைப் படிக்கும் த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை) 60,000 இடங்கள் கொண்ட வட்ட பஃபரில் (நிரம்பியதும் மிகப் பழைய அளவீட்டின் மேலேயே புதியதை எழுதும் சேமிப்பிடம்) எழுதுவதோடு சரி. திரையைப் புதுப்பிப்பது 33 மில்லிவிநாடிக்கு ஒருமுறை ஓடும் டைமர். அதுவும் திரையைக் கவனிக்கும் முதன்மை த்ரெட்டில் மட்டும். கோட்டை ஒருமுறை உருவாக்கிவிட்டு, பிறகு தரவை மட்டும் மாற்ற வேண்டும்.

பெரிய பலன் தந்தது புள்ளிகளைக் குறைத்ததுதான். 1200 பிக்சல் அகலத்தில் 60,000 புள்ளிகள் வீண். ஆனால் 50க்கு ஒன்று என்று எடுக்காதீர்கள்: ஒரு மில்லிவிநாடி மட்டும் துள்ளும் உச்சம் தொலைந்துபோகும், பார்க்க வேண்டியதே அதுதானே! ஒவ்வொரு 50 அளவீட்டிலும் சிறுமம், பெருமம் இரண்டையும், வந்த வரிசையிலேயே வையுங்கள். 2400 புள்ளிகள் போதும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. 50இன் எல்லையைத் திரையின் இடது ஓரத்திலிருந்து எண்ணினால், படம் நகரும்போது உச்சங்கள் நடுங்கும். தொடக்கத்திலிருந்து ஓடும் அளவீட்டு எண்ணை 50ஆல் வகுத்து எல்லையை நிலையாக்கினால் நடுக்கம் நின்றுவிடும்.

தரவு விடுபட்ட இடத்தில் பூஜ்ஜியம் போடாதீர்கள், நேன் (NaN, ‘எண் அல்ல’ என்று குறிக்கும் மதிப்பு) போடுங்கள். கோடு அங்கே அறுந்து தெரியட்டும்.